அமெரிக்கக் குடியேறிகளின் வீட்டு ஒயினை இன்று செய்வது எப்படி: டாண்டிலியன், ருபார்ப், காட்டுப் பழங்கள் – முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்க வீட்டுக் குறிப்புப் புத்தகங்களில் ஒயின் செய்முறை நாலு வரியில் முடிந்துவிடும். பூ ஒரு கேலன், கொதிநீர் ஒரு கேலன், சர்க்கரை மூன்று பவுண்டு, கொஞ்சம் ஈஸ்ட், சத்தம் அடங்கியதும் பாட்டிலில் அடைக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த ஈஸ்ட், எந்தச் சர்க்கரை, எவ்வளவு சூட்டில், எத்தனை நாள் என்று ஒன்றும் இருக்காது. எழுதியவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை, ஏனென்றால் படிக்கிறவர் தன் அம்மா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு இன்றைய கடைச் சர்க்கரையையும் இன்றைய ஒயின் ஈஸ்ட்டையும் போட்டுச் செய்தால் ஏதோ ஒரு ஒயின் வரும், ஆனால் அவர்கள் குடித்தது வராது. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. அதை முதலில் பேசிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கலாம்.

நான் சொல்லும் காலம் ஏறக்குறைய 1840 முதல் 1890 வரை. இடம் மிசூரி, அயோவா, கன்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து நிலத்தைத் திருத்தினால் 160 ஏக்கர் சொந்தம் என்று சொன்னதும் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். அது ஏற்கெனவே பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம். எந்தக் காட்டுப் பழத்தை எப்போது பறிக்கலாம் என்பதைக்கூட அவர்களைப் பார்த்துத்தான் நிறையக் கற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த திராட்சைக் கொடிகளோ அங்கே பிழைக்கவில்லை. கடுங்குளிர், பூஞ்சை நோய், வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி என்று மாற்றி மாற்றி அடி. மிசூரியில் 1837இல் ஹெர்மன் என்ற ஊரை நிறுவிய ஜெர்மானியர்கள் அந்த மண்ணின் திராட்சை வகைகளை வைத்தே பெரிய ஒயின் தொழில் நடத்தினார்கள், அது தனிக் கதை. சாதாரணப் பண்ணைவீட்டுக்காரர்களுக்குக் கைக்கு எட்டியது டாண்டிலியன் என்ற மஞ்சள் பூவும், ருபார்ப் என்ற செடியின் புளிப்பான தண்டும், ஓடைக்கரையில் காய்த்துக் கிடந்த பழங்களும்தான்.

சட்டமும் பயமும்

அமெரிக்காவில் வயதுவந்த ஒருவர் தனியாக இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு ஒயின் செய்துகொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. விற்கக் கூடாது. உங்கள் மாநிலத்திலும் ஊரிலும் என்ன விதி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடிப்பது வேறு சமாசாரம், வீட்டில் அதைச் செய்வது குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் இதைப் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

இதைச் சொன்னதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, கள்ளச்சாராயம் குடித்து ஆள் சாகிறார்களே, இதிலும் அப்படி ஆகாதா என்பது. நியாயமான பயம்தான். ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் தொழிற்சாலை மெத்தனாலைக் கொண்டுவந்து கலப்பது. பழம் புளிக்கும்போதும் அதில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து துளி மெத்தனால் உண்டாகத்தான் செய்கிறது, ஆனால் ஒயினில் அது மிகச் சொற்பம். வீட்டு ஒயினில் உண்மையான ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: தப்பான செடி, தப்பான பாத்திரம், சீக்கிரம் மூடிய பாட்டில். மூன்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அளவுகளை எப்படிப் படிப்பது

அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். 1824க்குப் பிறகு வந்த இங்கிலாந்துக் கேலன் 4.546 லிட்டர். கையில் இருக்கும் குறிப்பு எந்த நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது என்று பார்க்காமல் அளந்தால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கூடக்குறைய ஆகிவிடும். பவுண்டு 454 கிராம், குவார்ட் கால் கேலன், பெக் என்றால் ஏறக்குறைய 8.8 லிட்டர் கொள்ளும் கூடை. இந்தக் கட்டுரையில் கேலன் என்றால் அமெரிக்கக் கேலன்தான்.

இனிப்பு எவ்வளவு என்று பார்க்க அவர்களிடம் ஒரு அருமையான வழி இருந்தது. புதிதாக இட்ட முட்டையைச் சாற்றில் விடுவார்கள். அது மிதந்து, சின்ன நாணய அளவுக்கு ஓடு மேலே தெரிந்தால் சர்க்கரை போதும். இதில் அறிவியல் இருக்கிறது. புது முட்டையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.08 மடங்கு, அந்த அடர்த்திக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரை கரைந்த சாறு 12, 13 சதவீத ஆல்கஹால் தரும். பழைய முட்டை உள்ளே காற்று சேர்ந்து எதிலும் மிதக்கும், ஆகவே புது முட்டை என்பது சும்மா சொன்னதில்லை. இன்று சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கடையில் கிடைக்கிறது, தயவுசெய்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முட்டையையும் விட்டுப் பாருங்கள், இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதே சந்தோஷம்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும்: எழுதாமல் விட்ட இரண்டு

வெள்ளைச் சர்க்கரை அந்தக் காலத்தில் கூம்பு வடிவக் கட்டியாக வரும், விலை அதிகம், விருந்தாளிக்கு என்று எடுத்துவைப்பார்கள். அன்றாடம் புழங்கியது ஈரப்பதமான பழுப்புச் சர்க்கரை, மொலாசஸ், 1850களுக்குப் பிறகு சோளத்தட்டை மாதிரி இருக்கும் சோர்கம் தண்டிலிருந்து காய்ச்சிய பாகு. தூள் வெள்ளைச் சர்க்கரை மலிவானது நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். ஆகவே 1860களின் ருசி வேண்டும் என்றால் மொத்தச் சர்க்கரையில் கால் பங்காவது பழுப்பாக இருக்கட்டும். முஸ்கவாடோ நல்லது, அது கிடைக்காவிட்டால் இந்தியக் கடையில் கிடைக்கும் நம் நாட்டுச்சர்க்கரை அந்தப் பழைய சர்க்கரைக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். முழுக்கப் பழுப்பு போட்டால் பூவின் வாசனை அமுங்கிவிடும் என்பது என் அனுபவம். டாண்டிலியனுக்குக் கால் பங்கு, கறுத்த பழங்களுக்குப் பாதி வரை தாராளமாகப் போடலாம்.

ஈஸ்ட் விஷயம் இன்னும் முக்கியம். ஃபிளைஷ்மன் சகோதரர்கள் சின்சினாட்டியில் 1868இல் அழுத்திய கட்டி ஈஸ்ட்டை விற்க ஆரம்பிக்கும் வரை, அதற்குப் பிறகும் பல ஊர்களில், ஈஸ்ட் என்பது வீட்டுப் பொருள். உருளைக்கிழங்கும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் வேகவைத்த தண்ணீரில் வளர்த்து, மக்காச்சோள மாவில் பிசைந்து வில்லையாகத் தட்டிக் காயவைத்து வைத்துக்கொள்வார்கள். ரொட்டிக்கும் அதுதான், ஒயினுக்கும் அதுதான். அந்த ஈஸ்ட் 12 சதவீத ஆல்கஹால் பக்கத்தில் வந்ததும் களைத்து நின்றுவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கேலன் தண்ணீருக்கு மூன்று பவுண்டு, அதாவது 1.36 கிலோ சர்க்கரை. கரைந்ததும் மொத்தம் ஏறக்குறைய 4.6 லிட்டர் ஆகும். லிட்டருக்கு 290 கிராமுக்கு மேல் சர்க்கரை. 17 கிராம் ஒரு சதவீத ஆல்கஹால் என்று வைத்தால் முழுவதும் புளித்தால் 17 சதவீதம். இசி-1118 போன்ற இன்றைய பலசாலி ஈஸ்ட்டைப் போட்டால் அது கடைசிச் சொட்டு வரைக்கும் தின்று, தொண்டையை எரிக்கும் வறண்ட ஒயினைத் தரும். அவர்களுடைய ஈஸ்ட் பாதி வழியில் நின்று, மீதிச் சர்க்கரையை அப்படியே விட்டது. அதனால்தான் அந்த ஒயின்கள் இனிப்பாகவும், குளிர்கால ராத்திரியில் சின்னக் கோப்பையில் குடிக்கிற மாதிரியும் இருந்தன. மூன்று பவுண்டு என்ற அளவு தப்பில்லை, அந்த ஈஸ்ட்டுக்கு அது சரியான அளவு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பழைய குறிப்புகள் எல்லாம் திறந்துகொள்ளும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. பழைய இனிப்பு ஒயின் வேண்டும் என்றால் முழு மூன்று பவுண்டும் போட்டு ரொட்டி ஈஸ்ட்டோ, 14 சதவீதத்தோடு நிற்கும் 71பி ஈஸ்ட்டோ பயன்படுத்துங்கள். ரொட்டி ஈஸ்ட்டில் லேசாக மாவு வாசம் வரும், அடிமண்டி இறுகாமல் கலங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் அந்தக் காலத்துக் குணம்தான். சாப்பாட்டோடு குடிக்கிற மாதிரி வேண்டும் என்றால் சர்க்கரையை 1 கிலோவாகக் குறையுங்கள், 13 சதவீதத்தில் வந்து நிற்கும்.

பாத்திரம்

பழைய பொருள் கடைகளில் அழகழகான பீங்கான் ஜாடிகள் கிடைக்கும். வாங்கி அலங்காரத்துக்கு வையுங்கள், ஒயினை அதில் ஊற்றாதீர்கள். பழைய மண்பாண்டங்களின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருந்தது, புளிப்பான சாறு அதைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். உணவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் புது ஜாடியோ பிளாஸ்டிக் வாளியோ போதும். அதைத் தவிர ஒரு கேலன் கண்ணாடிக் குடுவை இரண்டு, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக் மூடி, சைஃபன் குழாய், வெள்ளைப் பருத்தித் துணி. அவர்கள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்திப் புகை போட்டார்கள். நாம் கழுவத் தேவையில்லாத கிருமிநீக்கியில் முக்கி எடுக்கிறோம். சுத்தத்தில் மட்டும் பழமை பார்க்கவே பார்க்காதீர்கள்.

டாண்டிலியன் ஒயின்

இது ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளோடு வந்த செடி, இன்று அமெரிக்கப் புல்வெளிக்காரர்களின் பரம எதிரி. ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். வெயில் நன்றாக ஏறி, பூ முழுசாக விரிந்த பிறகு பறியுங்கள், பத்து மணிக்கு முன்னால் போனால் பாதி மூடியிருக்கும். களைக்கொல்லி அடித்த புல்வெளி, சாலையோரம், நாய் நடக்கும் பூங்கா மூன்றும் வேண்டாம். குறைந்தது இரண்டு வருடமாக மருந்து அடிக்காத இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பறியுங்கள்.

அமுக்காமல் நிரப்பிய ஒரு கேலன் முழுப் பூ வேண்டும். பறித்த கொஞ்ச நேரத்திலேயே பூ சுருங்கி மூட ஆரம்பிக்கும், ஆகவே அன்றைக்கே உட்கார்ந்து பிரித்துவிட வேண்டும். பூவின் அடியை இரண்டு விரலால் பிடித்து, பச்சைப் புல்லியை நசுக்கித் திருகினால் மஞ்சள் இதழ்கள் கொத்தாகக் கழன்று வரும். காம்பில் இருந்து கசியும் பால் விரலைப் பழுப்பாக்கும், இரண்டு நாள் போகாது. பச்சை கொஞ்சம் சேர்ந்தால் பரவாயில்லை என்று சில பழைய குறிப்புகள் முழுப் பூவையே போடச் சொல்கின்றன, ஆனால் ஒயின் கசக்கும். நான் இதழ் மட்டும்தான் என்ற கட்சி. இரண்டு மணி நேர வேலை, வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

இதழ்களை ஜாடியில் போட்டு ஒரு கேலன் கொதிநீரை ஊற்றுங்கள். தேனும் வைக்கோலும் கலந்த ஒரு வாசம் வீடு முழுக்க எழும். துணியால் வேடு கட்டி இரண்டு நாள் விடுங்கள், காலையும் மாலையும் ஒரு கிளறு. மூன்றாம் நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரப் புல் அழுகிய நாற்றம் ஏறிவிடும்.

மூன்றாம் நாள் துணியில் வடிகட்டி நன்றாகப் பிழிந்து எடுங்கள். சாற்றில் சர்க்கரையைப் போட்டு, இரண்டு எலுமிச்சை, இரண்டு ஆரஞ்சுப் பழங்களின் மேல்தோலைச் சீவிப் போட்டு, கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் இறக்குங்கள். தோலின் உள்பக்க வெள்ளைச் சதை வேண்டாம், அது கசப்பு. ஆறியதும் பழங்களின் சாற்றைப் பிழிந்து சேருங்கள். பூவில் புளிப்பே கிடையாது, புளிப்பு இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று இருப்பதோடு கெட்டுப்போகவும் வாய்ப்பு அதிகம். எலுமிச்சையும் ஆரஞ்சும் உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு எளிதாகக் கிடைத்தது ரயில் வந்த பிறகுதான். அதற்கு முந்தைய காலத்தைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் எலுமிச்சைக்குப் பதில் இரண்டு கோப்பை ருபார்ப் சாறு ஊற்றுங்கள், இது என் யோசனைதான், நன்றாகவே பொருந்துகிறது. ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சையை நறுக்கிப் போட்டால் ஒயினுக்குக் கொஞ்சம் கனம் வரும். ஈஸ்ட்டுக்குத் தீனியாக அது போதாது, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் ஊட்டச்சத்துப் பொடி போடுங்கள். பூச்சாற்றில் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு மிகக் குறைவு, பாதியில் நின்றுபோகும் டாண்டிலியன் ஒயின்களில் பெரும்பாலானவை பட்டினியால்தான் நிற்கின்றன.

சாறு கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே, வெதுவெதுப்பாக வந்த பிறகுதான் ஈஸ்ட். இங்கே அந்தக் காலத்து வழி ஒன்று உண்டு, அதை அவசியம் செய்து பாருங்கள். ஒரு துண்டு ரொட்டியை நன்றாகச் சிவக்க வாட்டி, தண்ணீரில் குழைத்த ஈஸ்ட்டை அதன்மேல் தடவி, சாற்றில் மெதுவாக மிதக்கவிடுவார்கள். ரொட்டி ஈஸ்ட்டைக் காற்றுப் படும் இடத்திலேயே வைத்திருக்கும், ஆரம்பத்தில் பெருகுவதற்கு அதுதான் தேவை. சில மணி நேரத்தில் ரொட்டியின் ஓரங்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் வளையமாகக் கட்டும், மறுநாள் ரொட்டி ஊறிப் பிரிந்து நுரைக்குள் போய்விடும். கெட்டுப்போகாமல் இருக்க மருந்து சேர்த்த கடை ரொட்டி வேண்டாம், வீட்டில் சுட்டதோ, மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட பேக்கரி ரொட்டியோ எடுங்கள்.

வேடு கட்டி, 18 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள் வையுங்கள், தினமும் கிளறுங்கள். நுரை அடங்கியதும் வடிகட்டிக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஏர்லாக் போடுங்கள். குடுவையின் கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும், காலி இடம் இருந்தால் காற்று புகுந்து புளிக்காடியாக, அதாவது வினிகராக மாறும்.

ருபார்ப் ஒயின்

பழைய குறிப்பில் பை பிளான்ட் என்று பார்த்தால் அது ருபார்ப்தான். இந்த ஒயினுக்குப் பேர்போன இடம் அயோவாவின் அமானா. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கத்திலிருந்து 1855 முதல் வந்து ஏழு கிராமங்களாகக் குடியேறிய ஜெர்மானிய மதக்குழு, 1932 வரை நிலம், சமையலறை, ஒயின் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். ருபார்ப் ஒயினுக்கு அவர்கள் வைத்த பெயர் பீஸ்டெங்கல், இன்றும் அங்கே போனால் அந்தப் பெயரிலேயே வாங்கலாம்.

இலை விஷம். ஆக்ஸாலிக் அமிலம் நிறைந்தது, ஒரு துணுக்குக்கூடச் சேராமல் வெட்டி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் எடுங்கள். ஒரு கேலனுக்கு 1.5 கிலோ தண்டு, விரல்கனத் துண்டுகள், 900 கிராம் சர்க்கரை. ஜாடியில் தண்டு ஒரு அடுக்கு, சர்க்கரை ஒரு அடுக்கு என்று போட்டு மூடி இரண்டு மூன்று நாள் விட்டால் சர்க்கரையே சாற்றை இழுத்துவிடும். தண்டுகள் ரப்பர் மாதிரி துவண்டு கிடக்கும். வேகவைக்காதீர்கள், வேகவைத்தால் ஜாம் ருசி வரும், பெக்டின் கரைந்து ஒயின் கலங்கலாகவே நிற்கும். சாற்றை வடித்து, தண்டைத் தண்ணீரில் அலசி அதையும் சேர்த்து, மொத்தம் ஒரு கேலனாக ஆக்குங்கள். வேகவைக்காத சாறு என்பதால் கிருமிகளை அடக்கும் சல்ஃபைட் மாத்திரையான கேம்டன் ஒன்றைப் பொடித்துப் போட்டு 24 மணி நேரம் கழித்து ஈஸ்ட் சேருங்கள். 71பி இங்கே கச்சிதம், ருபார்ப்பின் மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியை அதுவே தின்று புளிப்பைக் குறைக்கும். அழகான இளஞ்சிவப்பு நிறம் மாதங்கள் போகப் போக வைக்கோல் நிறமாகும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

காட்டுப் பழங்கள்: இங்கே நிதானம் வேண்டும்

ஓடைக்கரைத் திராட்சை ஆகஸ்டு கடைசியில் கறுக்க ஆரம்பித்து, முதல் உறைபனிக்குப் பிறகு கொஞ்சம் இனிக்கும். பழம் பட்டாணி அளவு, உள்ளே முக்கால்வாசி விதை. இதோடு தப்பாகக் கலந்துவிடுவது மூன்சீட் என்ற விஷக்கொடி. இலை, பழக்கொத்து இரண்டும் திராட்சை போலவே இருக்கும். ஒரு பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். திராட்சையில் சின்னதாக ஒன்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும், மூன்சீட்டில் பிறை வடிவில் தட்டையாக ஒரே ஒரு விதை. திராட்சைக் கொடியில் பற்றுக்கம்பி சுருண்டிருக்கும், மூன்சீட்டில் கிடையாது. இரண்டு அடையாளமும் பொருந்தினால்தான் கூடையில் போட வேண்டும், ஒவ்வொரு கொடியிலும் பார்க்க வேண்டும்.

காட்டுத் திராட்சைச் சாறு தோலை அரிக்கும், கையுறை போட்டு நசுக்குங்கள். புளிப்பு தாங்காது என்பதால் சாறும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஹைட்ரோமீட்டர் 1.085 காட்டும் வரை சர்க்கரை சேருங்கள். ஈஸ்ட் வாங்காமலே செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கு ஏற்ற பழம் இதுதான். கழுவாத பழம் ஒரு கோப்பை நசுக்கிச் சின்ன ஜாடியில் போட்டு வேடு கட்டி, தினம் இரண்டு தடவை கிளறுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் நுரைக்கும். ரொட்டி வாசமோ பழ வாசமோ வந்தால் மொத்தச் சாற்றில் சேர்க்கலாம், நகப்பூச்சு நெடியோ காடி நெடியோ வந்தால் கொட்டிவிட்டு வேறு பழத்தில் ஆரம்பியுங்கள். குளிர்காலத்தில் குடுவையைக் குளிர்ந்த கராஜில் ஒரு மாதம் விட்டால் அடியில் கண்ணாடித் தூள் போல டார்டாரிக் படிகம் இறங்கும், ஒயின் சாதுவாகிவிடும். அவர்களுடைய நிலவறை இந்த வேலையைத் தானாகச் செய்தது.

சோக்செர்ரி டகோட்டா பக்கத்துப் பழம். லகோட்டா மக்கள் அதை இடித்து வடையாகத் தட்டி வெயிலில் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். வாயில் போட்டால் துவர்ப்பில் நாக்கு இழுத்துக்கொள்ளும், ஆனால் ஒயினாகும்போது அந்தத் துவர்ப்புதான் அதற்கு எலும்பு. இலையிலும் கொட்டையிலும் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, ஆகவே மிக்ஸியில் போடவே கூடாது. 1.5 கிலோ பழத்தைக் கையால் மட்டும் பிசைந்து, ஒரு கிலோ சர்க்கரையோடு ஒரு கேலனாக்கி, ஐந்தாறு நாளில் கொட்டையிலிருந்து பிரித்து வடித்துவிடுங்கள்.

எல்டர்பெர்ரிக்கும் அதே எச்சரிக்கை. 1983இல் கலிஃபோர்னியாவின் மான்டரே பகுதியில், இலையும் தண்டும் சேர்த்துப் பிழிந்த எல்டர்பெர்ரிச் சாற்றைக் குடித்தவர்கள் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நன்றாகக் கறுத்த பழத்தை மட்டும் முள்கரண்டியால் காம்பிலிருந்து உதிர்த்து, 1.3 கிலோ எடுத்துத் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய பிறகு மற்ற வேலை. போக்வீட் என்ற விஷச்செடியின் பழமும் கறுப்புதான், ஆனால் அது நீளமான ஒற்றைச் சரமாகத் தொங்கும், தண்டு ஊதா கலந்த சிவப்பில் சாறு நிறைந்திருக்கும். எல்டர்பெர்ரி குடைபோல விரிந்த கொத்தில், மரத்தன்மையுள்ள கிளையில் காய்க்கும். ஒயினுக்கு நிறம் ஏற்ற போக்வீட் பழத்தைச் சேர்த்த வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது, அதை ஒருபோதும் செய்து பார்க்க வேண்டாம். எல்டர்பெர்ரி வெந்த பாத்திரத்தில் பச்சையாக ஒரு பிசின் ஒட்டிக்கொள்ளும், சோப்புக்குப் போகாது, சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் வந்துவிடும்.

தெளியவைப்பதும் அடைப்பதும்

எந்த ஒயினாக இருந்தாலும் ஏர்லாக் போட்ட மூன்று நான்கு வாரத்தில் அடியில் மண்டி படியும். குடுவையை ஆட்டாமல் உயரத்தில் வைத்து, சைஃபன் குழாயின் நுனி மண்டியைத் தொடாதபடி பிடித்துத் தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு இறக்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும். தெளியாமல் அடம்பிடித்தால் அவர்கள் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலப்பார்கள், இன்றும் அது வேலை செய்யும், ஆனால் பெக்டின் கலங்கலுக்கு ஆரம்பத்திலேயே பெக்டிக் நொதி போடுவதுதான் சரி.

சத்தம் அடங்கியதும் அடைக்கலாம் என்று பழைய குறிப்பு சொல்வதை நம்பாதீர்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கினாலும் சத்தம் அடங்கும், பாட்டிலில் அடைத்த பிறகு கோடையில் விழித்தால் கண்ணாடி வெடிக்கும். நிலவறையில் பாட்டில்கள் வெடித்தது அந்தக் காலத்தில் சகஜம். ஹைட்ரோமீட்டர் இரண்டு வார இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், இனிப்பு மிச்சமிருக்கும் ஒயினுக்கு, ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேட்டும் கேம்டன் மாத்திரையும் போட்டு, அதன் பிறகும் ஒரு வாரம் பொறுத்துத்தான் தக்கை அடைக்க வேண்டும். ஒரு கேலனுக்கு ஐந்து பாட்டில் வரும்.

டாண்டிலியனை வசந்தத்தில் போட்டால் கிறிஸ்துமஸ் வாக்கில் திறக்கலாம், ஒரு வருடம் விட்டால் இன்னும் நல்லது. ருபார்ப் ஆறு மாதத்தில் குடிக்கத் தயார். சோக்செர்ரிக்கும் காட்டுத் திராட்சைக்கும் ஒன்றரை வருடமாவது கொடுங்கள், அதற்கு முன் திறந்தால் துவர்ப்பும் புளிப்பும் தனித்தனியாக நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குடுவை காடியாகிப்போனால் கொட்டாதீர்கள். பண்ணைவீடுகளில் ஊறுகாய்க்குக் காடி எப்போதும் தேவைப்பட்டது, கெட்ட ஒயினுக்கு அங்கே ஒரு வேலை காத்திருந்தது. சோர்பேட், கேம்டன் எதுவும் போடாத ஒயினாக இருந்தால் அதே அளவு தண்ணீர் கலந்து, அகலமான வாயுள்ள ஜாடியில் ஊற்றி, வேடு கட்டி, சூடான மூலையில் இரண்டு மாதம் வையுங்கள். மேலே ஆடை மாதிரி ஒரு படலம் வளரும், அதைக் கலைக்காமல் அடியிலிருந்து எடுத்து சாலட்டுக்கும் வெங்காயத்தை ஊறவைக்கவும் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டுக் காடியின் புளிப்பு ஒரே சீராக இருக்காது, ஆகவே மாதக்கணக்கில் கெடாமல் அடைத்துவைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் 5 சதவீதம் என்று அச்சிட்ட கடைக் காடியை வாங்கிக்கொள்ளுங்கள்.